வேறு மிஷினில் நிரப்பக் கூடாது

வீட்டை வாடகைக்கு விடலாம், மாட்டை வாரத்துக்கு விடலாம், பெயரை எப்படி விடுவது என்று ராபர்ட்சன்பேட்டை பஜாரில் கேட்டுச் சிரித்தார்கள். விடலாம் என்று எழுதிக் காட்டியவர் வக்கீல் ஏகநாதன். அது 1961.

அவர் மாரிகுப்பத்தில், சுரங்க ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் டிரில் பிடித்தவர். அந்த லைனிலிருந்து கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்த முதல் ஆள் ஏகநாதன்தான். பஜாரில் ஜவுளிக்கடை மாடியில் ஓர் அறை எடுத்திருந்தார். ஒரு மேசை, ஒரு டைப்ரைட்டர், கட்சிக்காரர்கள் உட்கார ஒரு பெஞ்சு. குழாயடிச் சண்டைகளும் வாடகைத் தகராறுகளும் வந்துகொண்டிருந்தன. பெஞ்சு பெரும்பாலும் காலியாகவே கிடந்தது.

அந்த பெஞ்சில் உட்காராமல் நேராக மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டவர் வேணுகோபால் செட்டியார். மயில் மார்க் சோடா அவருடையது. பச்சைக் கண்ணாடிப் புட்டி, கழுத்தில் கோலிக்குண்டு, தோளில் அச்சில் வார்த்த மயில். கலர் சோடாவுக்கு அவர் போடும் எசன்ஸின் ருசி வேறு யாருக்கும் வரவில்லை. ஊரிகத்திலும் மாரிகுப்பத்திலும் மயில்தான் கேட்டார்கள். வண்டியில் அனுப்பினால் பாதி வழியிலேயே புட்டிகள் உடைந்தன.

"மாரிகுப்பத்துல கோவிந்தன்னு ஒரு ஆளு மிஷின் வச்சிகினு கீறான். புட்டி என்னது, எசன்ஸ் என்னது, போர்டு என்னது. ரொப்பி விக்கறது அவன். லாபத்துல எனக்குப் பங்கு. சரிதானே?" என்றார் செட்டியார்.

"சரிதான்."

"என் புட்டியில எவனாவது குட்டைத் தண்ணிய ரொப்பி வித்துட்டா? பேரு போறது யாருது?"

ஏகநாதனுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பெங்களூரில் படித்தபோது நூலகத்தில் பார்த்த ஏஜென்சி ஒப்பந்தங்களை நினைவிலிருந்து எடுத்து, சோடாவுக்கு ஏற்றபடி வெட்டித் தைத்தார். பல நாள் அடித்து அடித்துத் திருத்தினார். ஒன்பதாவது ஷரத்து அவருக்கே பெருமையாக இருந்தது. மயில் புட்டியை வேறு மிஷினில் நிரப்பக் கூடாது. வேறு மார்க் புட்டியை மயில் மிஷினில் நிரப்பக் கூடாது. ஒரு முறை மீறினாலும் ஒப்பந்தம் அந்த நிமிஷமே முடிந்தது. போர்டும் புட்டிகளும் பெயரும் உரியவரிடம் திரும்ப வேண்டும். காரணம் எதுவானாலும் சரி என்று கடைசியில் சேர்த்திருந்தார். அந்த மூன்று சொற்களை எழுதியபோது, கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுந்த சத்தம் கேட்டதுபோல் இருந்தது அவருக்கு.

கையெழுத்துப் போட கோவிந்தன் காலை இழுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். சுரங்கத்தில் பாறை விழுந்து பாதம் நசுங்கியதால் வேலையை விட்டவர். ஏகநாதனின் அப்பாவோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர்.

"இன்னா ஏகா, கோட்டு உள்ள வேர்க்கல?"

"பழகிடுச்சுண்ணே. உக்காருங்க. படிச்சுக் காட்டறேன்."

"நீ எழுதினதுதானே. அதுல படிக்க இன்னா கீது? எங்க போடணும் சொல்லு."

"வேற வக்கீல்கிட்ட ஒரு தடவை காட்டிட்டுப் போடலாம்ணே" என்றார் ஏகநாதன். மெதுவாகத்தான் சொன்னார். செட்டியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"வேற வக்கீலு எதுக்கு? ரெண்டு பேருக்கும் சேத்து நீதான் எழுதிக்கிறியே" என்று கோவிந்தன் பேனாவை வாங்கினார்.

ஏகநாதன் இரண்டாம் முறை சொல்லவில்லை.

மாரிகுப்பத்தில் மயில் போர்டு ஏறியது. ஷிப்டு விடும் சங்கு ஊதியதும் கோவிந்தன் கடை முன்னால் ஆட்கள் நிற்பார்கள். கோவிந்தன் மிஷினைச் சுற்ற, அவர் மனைவி பார்வதம்மா புட்டிகளைக் கழுவிக் கொடுப்பாள். பத்துப் புட்டி கழுவினால் ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மறுபடி கழுவுவாள். செட்டியார் சொல்லிக்கொடுத்ததல்ல. மற்ற இடங்களைவிட மாரிகுப்பம் மயிலுக்கு நல்ல பெயர் வந்தது அதனால்தான்.

1964 கோடையில் ஏகநாதனின் அப்பா இறந்தார். சுரங்கத் தூசி நுரையீரலில் ஏறியவர்கள் இறப்பதுபோல, நீண்ட நாள் மூச்சுக்கு அலைந்து இறந்தார்.

லைனில் ஒரு வழக்கம் உண்டு. சாவு வீட்டில் அடுப்பு எரியாது. சுரங்கத்து லிப்டுக் கூண்டான கேஜில் மேலே ஏறி வந்த ஆட்கள் வீட்டுக்குப் போகாமல், தொண்டையில் தூசியோடு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நேராகச் சாவு வீட்டுக்கு வருவார்கள். பாடை தூக்குபவர்களும் அவர்களே. அவர்கள் தொண்டையை நனைப்பது அந்தக் கேம்பின், அந்தக் குடியிருப்பின், சோடாக்காரன் பொறுப்பு. அதற்கு யாரும் காசு கேட்பதில்லை, கொடுப்பதும் இல்லை. போதாவிட்டால் அடுத்த கேம்பு சோடாக்காரன் கொடுப்பான். எந்தப் புட்டி யாருடையது என்று அன்றைக்கு யாரும் பார்ப்பதில்லை.

அன்று கூட்டம் அதிகம். மத்தியானத்துக்குள் கோவிந்தனிடம் கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. காலிப் புட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரிகத்துக்குப் போனார். அங்கே ஏனோக் என்பவர் நங்கூரம் மார்க் சோடா போட்டுக்கொண்டிருந்தார். செட்டியாருக்கும் அவருக்கும் ஆகாது. ஏனோக் ஒரு வார்த்தை பேசாமல் மயில் புட்டிகளைத் தன் மிஷினில் நிரப்பிக் கொடுத்தார். தன்னுடைய நங்கூரப் புட்டிகளையும் ஏற்றி, தானே வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார்.

வேலி ஓரம் நின்றிருந்த ஏகநாதன் கையில் கோவிந்தன் ஒரு புட்டியைக் கொடுத்தார். கோலியை அவரே அமுக்கிவிட்டார்.

"குடிப்பா. காலைலேர்ந்து நிக்கறே."

ஏகநாதன் புட்டியைப் பார்த்தார். மயில் இருந்தது. வண்டிக்குப் பின்னால் ஏனோக் நின்றிருந்தார். அப்பா உள்ளே கிடக்கும்போது ஒன்பதாவது ஷரத்து அவர் நினைவுக்கு வந்தது. வந்ததே என்று கூசினார். கூச்சத்தோடு புட்டியை முழுக்கக் குடித்தார்.

மாலையில் செட்டியாரும் மாலையோடு வந்தார். அவரும் ஒரு புட்டி குடித்துவிட்டுத்தான் போனார்.

சில மாதங்கள் கழித்துச் செட்டியார் மாடிக்கு வந்தார். அவருடைய மைத்துனன் ஜம்புலிங்கம் வேலூரில் கடை வைத்து நொடித்து, பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இறங்கியிருந்தான். அவனுக்கு ஒரு வழி செய்ய வேண்டும். மாரிகுப்பம்தான் நன்றாகப் போகிறது.

"ஆனா கோவிந்தன் மேல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லியே. ஒழுங்கா ரொப்பறான், ஒழுங்கா பங்கு குடுக்கறான்" என்றார் செட்டியார். பிறகு சிரித்தார். "நீங்க இன்னாமோ பெரிசா பூட்டு செஞ்சிக் குடுத்தீங்க வக்கீல் சார். திருடன் வந்தாத்தானே பூட்டுக்கு மதிப்பு. நல்லவன் கையில மாட்டிகினு பூட்டு துருப்புடிக்குது."

"துருப்பிடிக்கல. அவர் ஒரு தடவை மீறியிருக்கார்" என்றார் ஏகநாதன்.

செட்டியார் சிரிப்பை நிறுத்தினார். "எப்போ?"

அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். தவறாகச் சொல்லிவிட்டேன் என்று மழுப்பியிருக்கலாம். ஏகநாதன் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சொல்லும்போது குரல் தெளிவாக இருந்தது, கோர்ட்டில் இருப்பதுபோல. சொல்லி முடித்த பிறகுதான் அறையில் வெக்கை தெரிந்தது.

"நோட்டீஸ் விடுங்க" என்று சொல்லிவிட்டுச் செட்டியார் எழுந்தார்.

நோட்டீஸ் கிடைத்த மறுநாள் கோவிந்தன் மாடி ஏறி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து நசுங்கிய காலை நீட்டிக்கொண்டார். கோபமாக இருப்பதாகத் தெரியவில்லை.

"இங்கிலீஷ்ல கீது. ஸ்கூல் வாத்யார்கிட்ட குடுத்துப் படிச்சேன். நீதான் அனுப்பிக்கிறே."

"ஆமாண்ணே."

"செட்டியாருக்கு யாரு சொன்னது?"

"நான்தான்."

கோவிந்தன் நிமிர்ந்தார். "கேட்டாரா?"

"கேக்கல."

கீழே ஜவுளிக்கடையில் யாரோ துணி கிழிக்கும் சத்தம் வந்தது. கோவிந்தன் காலை மடக்கி மறுபடி நீட்டினார்.

"சரி. ஆனது ஆயிப்போச்சு. பதிலு ஒண்ணு குடுக்கணுமாமே. எழுது."

ஏகநாதனுக்குப் புரியவில்லை. "நானா?"

"பின்ன? அக்ரிமெண்டு ரெண்டு பேருக்கும் நீதானே எழுதினே. நோட்டீஸும் எழுதிட்டே. பதில மட்டும் வேற ஒருத்தன்கிட்ட போயி, மொதல்லேர்ந்து கதை சொல்ல சொல்றியா? ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"அண்ணே, நான் செட்டியார் பக்கம்."

"செட்டியார் பக்கம்னா?"

"அவருக்கு வக்கீல். ஒங்களுக்கு எழுதக் கூடாது. சட்டம் அப்படி."

"அப்போ அன்னிக்கி எனக்கு யாரு வக்கீலு? கையெழுத்துப் போட்டேனே அன்னிக்கி?"

ஏகநாதன் மேசையைப் பார்த்தார். கோவிந்தன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"இல்லியா? இருந்தான்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்."

அன்றே ஏகநாதன் செட்டியார் கடைக்குப் போனார். பின்கட்டில் எசன்ஸ் டின்கள் அடுக்கியிருந்தன.

"செட்டியார், இதை விட்டுடலாம். அது சாவு வீட்டுக்குக் குடுத்த சோடா. விக்கல. எங்க அப்பா சாவு."

"நானும் வந்தேனே. நானும் குடிச்சேன். எனக்குத் தெரியல பாருங்க. அதான் வக்கீல் வச்சிக்கறது" என்றார் செட்டியார். கேலியாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "காரணம் எதுவானாலும் சரின்னு எழுதினது நானா? ஒங்களுக்கு வேணாம்னா சொல்லிடுங்க. பெங்களூர்லேர்ந்து ஆள் வருவாரு. ஜம்புலிங்கத்துக்கு நான் வாக்குக் குடுத்துட்டேன்."

தான் விலகினால் பெங்களூர்க்காரர் கோவிந்தனை இன்னும் மோசமாக நடத்துவார் என்று ஏகநாதன் தனக்குள் சொல்லிக்கொண்டே படி இறங்கினார். உள்ளே இருந்தால் எதையாவது மிச்சம் பிடிக்கலாம். இதே சமயத்தில் பஜாரின் காப்பிப் பொடிக்காரரும் பங்காருபேட்டையில் தன் பெயரைக் கொடுக்க ஒப்பந்தம் கேட்டிருந்தார். அதையும் நினைத்துக்கொண்டார். நினைக்கவில்லை என்று பிற்பாடு அவரால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

செட்டியார் வழக்குப் போட்டார். கோவிந்தனுக்கு வக்கீலாக பர்னபாஸ் வந்தார். வயதானவர், வெற்றிலை போடுபவர், கோர்ட்டில் தூங்குவதுபோல் உட்கார்ந்திருந்து சரியான இடத்தில் எழுந்திருப்பவர். வக்கீல்கள் அறையில் ஏகநாதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, ஒரு சங்கடமான விஷயம். ஒங்களைச் சாட்சியாக் கூப்பிடப் போறேன்."

ஏகநாதன் கையிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தார்.

"கட்சிக்காரர் ஒங்ககிட்டச் சொன்ன ரகசியமில்லையே இது. ஒங்க கண்ணால பார்த்தது. ஒங்க வீட்டு வாசல்ல நடந்தது. காசு வாங்கல, வியாபாரம் இல்ல, இது லைன் வழக்கம்னு நீங்க கூண்டுல ஏறி ஒரு வார்த்தை சொன்னா முன்சீப் கேப்பார். மத்தவங்க சொன்னா, கோவிந்தனுக்கு வேண்டியவங்கன்னு தள்ளிடுவார். சாட்சின்னா நீங்க செட்டியாருக்கு ஆஜராக முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

ஏகநாதன் யோசித்தார். செட்டியார் போவார், காப்பிப் பொடிக்காரர் போவார், பஜார் முழுக்கப் போய்விடும். கட்சிக்காரனைக் கூண்டில் ஏறிக் கவிழ்த்த வக்கீல் என்பார்கள். மறுபடி குழாயடிச் சண்டை. ஆனால் கோவிந்தனின் போர்டு இறங்காது. தராசின் இரண்டு தட்டிலும் வைத்துப் பார்க்கக்கூட ஒன்றுமில்லை என்று ஒரு நாள் தோன்றியது. அன்று வருகிறேன் என்று சொல்வதற்காகவே பர்னபாஸ் வீட்டுக்குப் போனார்.

பர்னபாஸ் வாசலிலேயே கையை விரித்தார்.

"ஒங்க ஆளு வேணாங்கறாருப்பா."

"யாரு?"

"கோவிந்தன். சாவைப் பத்திக் கோர்ட்டுல பேசக் கூடாதாம். செத்தவர் தலைமாட்டுல வச்சுக் குடுத்ததைச் சபையில சொல்லிக்காட்டுனா, குடுத்ததா ஆவாதாம். நானும் ரெண்டு நாளா மண்டையைப் போட்டு ஒடச்சிக்கறேன். பிடிவாதம்னா பிடிவாதம்."

ஏகநாதன் மார்பிலிருந்து ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. பர்னபாஸ் அதைப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு, "காப்பி குடிக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மூச்சைத்தான் ஏகநாதன் பின்னாளில் அடிக்கடி நினைத்தார். செட்டியாரிடம் சொன்னதைவிட, கையெழுத்தின்போது மெதுவாகப் பேசியதைவிட, அது மோசமாக இருந்தது. மற்றவை வாய் செய்தவை. இது உடம்பு செய்தது.

விசாரணை சீக்கிரமே முடிந்தது. கோவிந்தன் கூண்டில் நின்றார். கேள்வி கேட்க வேண்டியவர் ஏகநாதன்.

"மயில் புட்டிகளை ஏனோக்கின் மிஷினில் நிரப்பினீர்களா?"

"ரொப்பினேன்."

முன்சீப் பேனாவை நிறுத்திவிட்டு அவரே கேட்டார். "ஏன் அப்படிச் செய்தீர்கள்? ஏதாவது காரணம் உண்டா?"

கோவிந்தன் கூண்டின் கட்டையைத் தடவினார். ஏகநாதனைப் பார்க்கவே இல்லை. "என்கிட்ட கேஸ் தீந்துபோச்சு. ஆளுங்க தாகமா இருந்தாங்க" என்றார்.

பர்னபாஸ் கண்ணை மூடியிருந்தார். முன்சீப் ஏகநாதன் பக்கம் திரும்பி, இன்னும் ஏதாவது உண்டா என்று பார்த்தார். எழுந்து நின்றுகொண்டுதான் இருந்தார் ஏகநாதன். வாய் திறந்துதான் இருந்தது.

"வேறு கேள்வி இல்லை" என்றார்.

தீர்ப்பு செட்டியாருக்கு. வராந்தாவில் பார்வதம்மா தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். ஏகநாதன் வேறு வழியாகப் போகப் பார்த்தார். அவள் விடவில்லை.

"இன்னாபா வக்கீலு, ஜெயிச்சிட்டே. வாய் காஞ்சிருக்குமே? சோடா ஒடைக்கட்டுமா? இப்போ எந்த புட்டின்னாலும் கேக்க ஆளில்ல."

"வா பார்வதி, பஸ்ஸு பூடும்" என்று கோவிந்தன் அவள் தோளைத் தொட்டு அழைத்துப் போனார்.

மாரிகுப்பத்தில் ஜம்புலிங்கம் மயில் போர்டின் கீழே உட்கார்ந்தான். கோவிந்தன் தன் மிஷினை வண்டியில் கட்டி ஊரிகத்துக்குக் கொண்டுபோய் ஏனோக்கோடு சேர்ந்துகொண்டார். லைனில் யாரும் ஏகநாதனை ஒன்றும் சொல்லவில்லை. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பத்திரிகை வந்தது. அவர் போனால் நாற்காலி போட்டார்கள். முன்பெல்லாம் பாயில் உட்காரச் சொல்வார்கள்.

வக்கீல் தொழில் வளர்ந்தது. காப்பிப் பொடி, ஊதுபத்தி, பங்காருபேட்டை முறுக்கு, கோலாரில் ஒரு தையல் பள்ளி என்று தங்கள் பெயரை வேறு ஊர்களுக்கு விடுகிறவர்களும், அதை வாங்கி நடத்துகிறவர்களும் அவரைத் தேடி வந்தார்கள். வாங்க வருகிறவர்களிடம், நான் எதிர்ப்பக்கத்து வக்கீல், உங்களுக்கு வேறொருவரை வைத்துக்கொள்ளுங்கள் என்று உரக்கச் சொன்னார். சிலர் பயந்தே போய்விட்டார்கள். அந்த வழக்குக்கு அப்புறம் செட்டியாருக்காக அவர் ஆஜராகவில்லை. காரணம் கேட்டபோது நேரமில்லை என்று சொல்லி அனுப்பினார்.

எல்லா ஒப்பந்தங்களிலும் ஒரு வரி சேர்த்துப் பார்த்தார். சாவு வீட்டுக்குக் கொடுப்பது எதுவும் மீறலாகக் கருதப்படாது. காப்பிப் பொடிக்காரர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"காப்பிப் பொடிக்கும் சாவுக்கும் இன்னா சார் சம்பந்தம்? முதல் வியாபாரம், அபசகுனமா. அடிங்க அதை."

அடித்தார். ஊதுபத்திக்காரருக்கு அந்த வரி மிகவும் பிடித்திருந்தது. ஆனால், வேறு காரணத்துக்காக: சாவு வீட்டில்தான் அவருக்கு வியாபாரம் அதிகம், அதை ஓசியில் கொடுக்கவே கூடாது என்று மாற்றி எழுதச் சொன்னார்.

1971இல் ஒரு நாள் கோவிந்தன் மாடி ஏறி வந்தார். ஏனோக் படுத்த படுக்கையாகி, நங்கூரம் மார்க்கைக் கோவிந்தன்தான் நடத்திக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. பெஞ்சில் இரண்டு கட்சிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களை நகரச் சொல்லி உட்கார்ந்தார்.

"பூதிகோட்டையில ஒரு ரெட்டி, நங்கூரம் புட்டி கேக்கறான். அங்க மிஷின் போடறானாம். எழுதிக் குடு."

ஏகநாதன் அந்தக் கட்சிக்காரர்களை வெளியே இருக்கச் சொன்னார். கதவைச் சாத்தினார். "அண்ணே, பர்னபாஸ் சார் இருக்காரே."

"அவரு எழுதினா எனக்கு நம்பிக்கையில்ல. எனக்காக நல்லாத்தான் பேசினாரு, ஆனா தோத்துட்டாரு. நீ செட்டியாருக்கு எழுதினே பாரு, அது மாதிரி வேணும். அதே ஒம்பதாவது."

"அதேவா?"

"அதேதான். அதுல மாட்டினவன் நானு. எவ்ளோ இறுக்கம்னு எனக்கில்ல தெரியும்."

குத்திக்காட்டுகிறாரா என்று ஏகநாதன் அவர் முகத்தைப் பார்த்தார். நல்ல கொத்தனாரைப் பற்றிப் பேசுகிற முகமாக இருந்தது.

"ஒரு வரி மட்டும் சேர்த்துக்கறேண்ணே. சாவு வீட்டுக்குக் குடுக்கறது இதுல சேராதுன்னு."

"வேணாம்."

"நாளைக்கு அந்த ரெட்டி ஒரு சாவுக்கு வேற மிஷின்ல ரொப்பினா?"

"ரொப்பட்டும்."

"அப்போ எழுதிடலாமே."

"எழுதினா, எழுதிக்கிதேன்னு குடுத்தா மாதிரி ஆவும். தானா குடுக்கணும்" என்றார் கோவிந்தன். பிறகு, மழை வருமா என்று கேட்கிற குரலில், "அவன் ரொப்பினா நான் இன்னா, ஒன்ன மாதிரி போயி சொல்லவா போறேன்?" என்றார்.

ஏகநாதன் டைப்ரைட்டரில் காகிதத்தைச் செருகினார். இந்த முறை படித்துக் காட்ட வேண்டும், ரெட்டியை வேறு வக்கீலோடு வரச் சொல்ல வேண்டும் என்று எதையோ சொல்லத் தொடங்கினார்.

"அதெல்லாம் அப்பறம். வெளிய ரெண்டு பேரு காத்துகினு கீறாங்க பாரு. அடி."

ஒன்பதாவது ஷரத்தை அவர் எந்தப் பிரதியையும் பார்க்காமல் அடித்தார். காரணம் எதுவானாலும் சரி என்ற கடைசி மூன்று சொற்கள் வந்தபோது விரல்கள் நின்றன. கோவிந்தன் பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்து, முடிந்ததா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டு, அவற்றையும் டைப் அடித்தார்.